தூங்க மறுத்த கேஸ் சென்சார்

எங்கள் கம்பெனியில் ‘முடியாது’ என்று சொல்வதற்கு ஒரு படிவம் உண்டு. படிவம் எண் பதினேழு. அது தீர்ந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. புதிதாக அச்சடிக்கச் சொல்லி ஸ்டோருக்கு எழுதினேன். ஸ்டாக் இல்லை என்பதைத் தாங்கள் மறுக்கவில்லை என்றும், அச்சடிக்க மறுப்பதானால் அதற்கும் படிவம் பதினேழு தேவைப்படும் என்றும், ஆகவே என் கோரிக்கை நிலுவையில் இருக்கும் என்றும் பதில் வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பெனியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். வழக்குப் போடுவதற்கென்றே அவர்களிடம் தனியாக ஒரு குழு இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், ஒரு புறம் எங்கள் தொழிற்சாலை, மறுபுறம் எங்கள் சாஃப்ட்வேர் கட்டடம். நடுவில் நாள் முழுக்க டிரெய்லர் லாரிகள். தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் செய்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை நாங்கள் எழுதுகிறோம். என் பெயர் பாண்டிச்செல்வி, ஊர் சங்கரன்கோவில். 2005-ல் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பெட்டியைத் தூங்க வைக்கும் வேலை.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமைக் கெர்னல் என்பார்கள். பெட்டிக்குள் ஒரு பொதுப்பாதை உண்டு, அதற்குப் பஸ் என்று பெயர். ஃபேன், மோட்டார், சென்சார் எல்லாம் அந்தப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் ஒன்றோடொன்று பேசும். சக்கரம் கிடையாது, தொங்குகிறவர்கள் மட்டும் உண்டு. அந்தப் பாதையை மேய்க்கும் கெர்னல் துண்டுக்குப் பஸ் டிரைவர் என்று பெயர். வேலை இல்லாத நேரத்தில் பஸ்ஸைத் தூங்க வைத்தால் மின்சாரம் மிச்சம். ஆனால் பஸ் தூங்கினால் அதில் தொங்கும் அத்தனைக்கும் கரண்ட் போய்விடும். அதனால் பஸ் தூங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் ‘தூங்கலாமா?’ என்று கேட்க வேண்டும். சம்மதம் என்றால் பூஜ்யம் என்று பதில் வரும். ‘முடியாது, வேலையாக இருக்கிறேன்’ என்றால் வேறு எண் வரும். ஒரே ஒரு கருவி முடியாது என்றாலும் பஸ் தூக்கத்தை விட்டுவிட்டு எழுந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் நான் எழுதியது. மூன்று மாதம் எழுதினேன், அதில் பன்னிரண்டு நாள் புரோகிராம், மீதி நாள் படிவம்.

படிவத்தில் ‘பாதிக்கப்படும் தரப்பினரின் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பாதிக்கப்படுவது ஃபேனும் மோட்டாரும் சென்சாரும்தான் என்று எழுதி அனுப்பினேன். கையொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நேரில் போய், சார், இவை கருவிகள், கை கிடையாது என்றேன். ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. கருவிகளின் சார்பில் நானே கையெழுத்துப் போடலாமாம். பத்துக் கருவிக்கும் போட்டேன். ‘எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக, பாண்டிச்செல்வி.’ ‘கேஸ் சென்சாருக்காக, பாண்டிச்செல்வி.’ சிரித்துக்கொண்டேதான் போட்டேன், புத்தி கெட்டவள்.

முதல் பெட்டியை எங்கள் தொழிற்சாலையிலேயே டேங்க் ரூமில் மாட்டினார்கள். உலோகப் பாகங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவும் அறை அது. பெரிய தொட்டி நிறைய சால்வென்ட். அதிலிருந்து எழும்பும் கேஸை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும். கேஸ் அதிகமானால் சுவரில் உள்ள சென்சார் சொல்லும். கழுவின பாகம் வியர்க்கக் கூடாது என்று ஏசி வேறு போட்டிருந்தார்கள். மொத்தத் தொழிற்சாலையிலும் குளுகுளுவென்று இருந்தது அந்த ஒரு அறைதான்.

ஒரு மாதம் ஆனது. மதிய இடைவேளை அரைமணி நேரமும் யாரும் எந்தப் பட்டனையும் தொடாத நேரம், பெட்டி தூங்க வேண்டிய நேரம், ஆனால் அது தூங்கவே இல்லை என்று புகார் வந்தது. சாலையைக் கடந்து போய்ப் பார்த்தேன். பெட்டி எழுதி வைத்திருந்த குறிப்பில் தினமும் ஒரே வரி. மதியம் 12:40, கேஸ் சென்சார், முடியாது. தொட்டியின் மூடியைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள், கேஸ் எழும்புகிறது, சென்சார் மறுக்கிறது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் எழுதியது எழுதினபடி வேலை செய்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, வரிசையாகப் பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சுருண்டு கிடந்தது சுகப்பிரியா. என் சித்தி மகள்.

அவளை இங்கே கூட்டிவந்து தொழிற்சாலை லைனில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். குன்றத்தூரில் ஹாஸ்டலில் என் அறையிலேயே தங்கியிருந்தாள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒன்ன நம்பித்தாம்ளா பிள்ளைய அனுப்புதேன்’ என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. உலுக்கி எழுப்பினேன்.

“ஏட்டி, இங்கனயா படுக்கது? அது கேஸ் வார தொட்டிட்டி!”

கண்ணைத் திறக்க முடியாமல் திறந்தாள். “வேற எங்கனக்கா படுக்க? டபுள் சிப்ட்டு. கேன்டீன்ல பெஞ்ச எடுத்துட்டாவ. அஞ்சு நிமிசத்துல தின்னுட்டு இங்கன வந்து படுத்தா, இந்த வாசத்துக்கு அப்பிடியே கண்ணு சொக்குதுக்கா. சுகமா இருக்கு.”

“கண்ணு சொக்குதுன்னா அது சுகமில்லட்டி, மயக்கம்.”

“ஃபேனுதான் ஓடுதுல்லா. நீங்க எழுதின பெட்டிதான அது? பொறவு எனக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

சூப்பர்வைசர் முனிரத்தினம் வாசலில் நின்றிருந்தார். வடக்குப்பட்டுக்காரர், தொழிற்சாலை நிற்கும் நிலத்தில் அவருடையதும் ஒரு ஏக்கர். “மேடம், நீங்க இத்த மேல சொல்லிடாதீங்க,” என்றார். “எல்லாம் டிரெய்னிங்னு எடுத்த புள்ளைங்க. தூங்குனாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்கும். நானே கண்டும் காணாம போய்கினு கீறேன்.” நானும் சொல்லவில்லை. ஃபேன்தான் ஓடுகிறதே என்று எனக்கும் ஒரு சமாதானம்.

அடுத்த வாரம் மேல் ஒப்புதல் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது.

மேல் ஒப்புதல் மன்றம் என்பது ஒன்பது பேர். வாரா வாரம் புதன்கிழமை கூடுவார்கள். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, ‘நான் செயல்முறையைக் காப்பேன், செயல்முறை என்னைக் காக்கும்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாம் முறை மெதுவாக. தலைவர் இராமச்சந்திரன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் பயம். செயலாளர் எழிலரசி, என் வயதுப் பெண், கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். அவள் நிமிர்ந்து பார்த்தும் நான் பார்த்ததில்லை.

“டேங்க் ரூம் பெட்டி மதியம் தூங்கவில்லை,” என்று தொடங்கினார் இராமச்சந்திரன். “காரணம்?”

“கேஸ் சென்சார் முடியாதுன்னு சொல்லுது சார். அறையில் கேஸ் இருக்கு. சரியாத்தான் சொல்லுது.”

“யாரிடம் சொல்கிறது?”

“பஸ்ஸிடம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாருங்கம்மா. நீங்கள் வரைந்து கொடுத்த படத்தில் பஸ் மேலே இருக்கிறது. சென்சார் கீழே தொங்குகிறது. கீழே தொங்குகிற ஒன்று, தன்னைத் தாங்குகிற ஒன்றைப் பார்த்து முடியாது என்று சொல்கிறது. அதைக் கேட்டு மேலே இருப்பது தன் முடிவை மாற்றிக்கொள்கிறது. இதை நீங்கள் டிசைன் என்கிறீர்கள்.”

“கெர்னல்ல அப்படித்தான் சார் வழக்கம்.”

“அது காசு கொடுக்காமல் கிடைக்கிற கெர்னல். யாரோ பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதியது. அவர்களிடம் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. நம் கம்பெனிக்கு ஒரு பண்பாடு இருக்கிறது. இருபத்தாறு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேரை நிர்வாகம் செய்திருக்கிறேன். ஒருவர்கூட என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல நினைத்திருக்கலாம், அது அவர்கள் உரிமை. நான் அதில் தலையிட மாட்டேன்.”

எட்டுப் பேரும் தலையசைத்தார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

“அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டாம்,” என்று தொடர்ந்தார் இராமச்சந்திரன். “பஸ் கேட்கட்டும். ஒவ்வொரு கருவியிடமும் மரியாதையாகக் கேட்கட்டும். கேட்பது நம் பண்பு. வரும் பதில் எதுவானாலும் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு தூங்கட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அடுத்த மாதம் வருகிறார். மதியம் திரையில் மின்சாரச் செலவைக் காட்டும் கோடு தரையைத் தொட வேண்டும்.”

நான் குறுக்கிட்டேன். “சார், ஃபேன் நின்னுடும். சென்சாருக்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கு, அதுவும் அணைஞ்சிடும். அப்புறம் கேஸ் எவ்வளவு ஏறினாலும் அதுக்குத் தெரியாது. உள்ளே ஆள் இருந்தா என்ன ஆகும்?”

“மதிய இடைவேளையில் அந்த அறையில் ஆள் இருக்க அனுமதி இல்லையே?”

“இல்லை சார். ஆனா...”

“அனுமதி இல்லாத இடத்தில் எப்படி இருப்பார்கள்? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?”

பதினோரு பேரின் பெயரும் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நாளைக்கே பதினோரு பேரும் வெளியே. வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டார்கள். என் முறை வந்ததும் எழுந்து, “எனக்குச் சம்மதம் இல்லை, முடியாது,” என்றேன். இராமச்சந்திரன் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். “படிவம் பதினேழு கொண்டுவந்திருக்கிறீர்களா?” என்றார். இல்லை என்றேன். எழிலரசியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு என் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டாள். அன்றைய குறிப்பில், திட்டத்தை வடிவமைத்த பொறியாளர் உட்படப் பத்துப் பேரும் ஒருமனதாக ஏற்றதாக இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆவண மையத்தில் வைத்திருக்கிறார்கள்.

புரோகிராமை மாற்ற நான் மறுத்தேன். நான் எழுதியதில் இரண்டே வரியை எடுத்துவிட்டு, என் பெயரையே போட்டு, பக்கத்து மேசைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன, குன்றத்தூரில் மனை வாங்கியிருக்கிறார்.

இனி எனக்கு ஒரே வழிதான். பத்து நிமிடம் யாரும் பட்டனைத் தொடாவிட்டால்தான் பெட்டி தூங்கும். அதற்குள் யாராவது தொட்டால் தூங்காது. தினமும் பன்னிரண்டரை மணிக்குச் சாலையைக் கடந்து டேங்க் ரூமுக்குப் போவேன். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை பச்சைப் பட்டனை அழுத்துவேன். ஒரு இடைவேளைக்கு மூன்று அழுத்து. பி.இ. படித்து, கெர்னல் படித்து, கடைசியில் என் உத்தியோகம் அதுதான். பதினோரு பேரும் என் காலடியில் தூங்குவார்கள். ஃபேன் ஓடும். சுகப்பிரியா ஒருநாள் கேட்டாள்.

“என்னக்கா, சோறு திங்காம இங்கன வந்து காவல் இருக்கீய?”

விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். இனிமேல் பெட்டியை நம்ப முடியாது, வேறு இடம் பாருங்கள் என்றேன். அவள் பாதி கேட்டபடியே தூங்கிப்போனாள். தினமும் பதினாறு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பிள்ளைக்கு அட்டையில் தலை சாய்த்தபின் எதைச் சொன்னால் ஏறும்?

மன்றத்தில் கோடு தரையைத் தொடவில்லை என்று ஒரே பரபரப்பு. எங்கோ ஒரு தூங்காத கருவி இருக்கிறது என்று தீர்மானித்தார்கள். பச்சைப் பட்டன் தானாக அழுந்துகிறது என்று அதை மாற்றினார்கள். மறுநாளும் மூன்று அழுத்து. சிவப்புப் பட்டன், மஞ்சள் பட்டன், அவற்றின் ஸ்பிரிங், ஒயர் எல்லாம் மாற்றினார்கள். அப்புறம் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, மதியம் முழுக்கப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்து அறிக்கை தரச் சொன்னார்கள். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பட்டனுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் மூன்று முறை அழுத்தினேன். அவர் மூன்று முறை பார்த்தார். ‘பட்டனில் கோளாறு ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

“நீங்க அழுத்துனீங்களான்னு எவனும் கேக்கலியே மேடம்,” என்றார் என்னிடம். “கேட்டத்துக்குத்தான் பதில் சொல்லணும்னு இவங்கதான கிளாஸ் எடுத்தாங்க. டிபன் கொண்டாந்திருக்கேன், துன்னுட்டு அழுத்துங்க.” அன்றைக்கு அவர் வீட்டு எலுமிச்சம் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

பதினெட்டாம் நாள் பிடித்துவிட்டார்கள். எப்படி என்று தெரியாது. மன்றத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. ‘கருவி எண் 11, பட்டியலில் சேர்க்கப்படாதது, டேங்க் ரூம் பஸ்ஸை இடைவேளையில் விழித்திருக்கச் செய்வது’ என்று இருந்தது.

“உங்கள் மேல் எங்களுக்குக் கோபமே இல்லை,” என்றார் இராமச்சந்திரன். “நீங்கள் அந்த அறையின் அங்கமாகிவிட்டீர்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பஸ்ஸில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் ஒரே விதி. இப்போது நாங்கள் உங்களைக் கேட்க வேண்டும். தூங்கலாமா?”

“என்ன சார் இது? நான் மனுஷி!” என்று கத்தினேன். “அங்கே பிள்ளைகள் படுத்திருக்கு. பதினோரு பேர். என் தங்கச்சியும் அதில் ஒருத்தி. ஃபேன் நின்னா செத்துப்போயிடுவாங்க!”

கடைசியில் சொல்லிவிட்டேன். சொன்னால் வேலை போகும் என்றுதானே இத்தனை நாள் விழுங்கினேன், போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்று இருந்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூட அதிரவில்லை. எழிலரசி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது.

“அதை எழுத வேண்டாம்,” என்றார் அவர். “அறையில் ஆள் இருந்ததாக எழுதினால், நாம் பார்க்கவில்லை என்று ஆகும். நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கருவி எண் 11 சம்மதம் என்று போடுங்கள்.”

அன்று சாயங்காலமே என் நுழைவு அட்டை தொழிற்சாலைக் கேட்டில் வேலை செய்யவில்லை. மறுநாளிலிருந்து எனக்குப் பதிலாக முனிரத்தினம் யாருக்கும் தெரியாமல் பட்டனை அழுத்தினார். சென்னையில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்று இருக்கும் ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில். இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது, வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். என் கடிதம் தக்க நடவடிக்கைக்காக எங்கள் கம்பெனியின் மேல் ஒப்புதல் மன்றத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்த செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டி தூங்கியது. எங்கள் கட்டடத்தின் ஹாலில் திரையில் மின்சாரக் கோடு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் நான்கு முறை போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்பியிருந்தேன். முனிரத்தினத்தின் செல்லுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அவரை விருந்தினருக்கு மாலை பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். மாலை போட்டு முடிந்து, ஒரு மணி தாண்டித்தான் எடுத்தார்.

அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஒவ்வொருவராகத் தூக்கி வராந்தாவில் போட்டார். ஒன்பது பேர் உலுக்கினதும் எழுந்தார்கள். மாரிமுத்து என்ற பையனும் சுகப்பிரியாவும் கன்னத்தில் அறைந்து, தண்ணீர் ஊற்றி, ரொம்ப நேரம் கழித்துத்தான் கண் விழித்தார்கள். அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம். மெடிக்கல் ரூமில் எலுமிச்சை ஜூஸும் ஒரு மாத்திரையும் கொடுத்து, மூன்று மணிக்குத் திரும்ப லைனில் நிறுத்தினார்கள்.

இரவு அறைக்கு வந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

விசாரணை நடந்தது, நடக்காமல் இருக்குமா? வியாழக்கிழமை மன்றம் சிறப்பாகக் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். உறுதிமொழி மூன்று முறை முடிந்ததும், செவ்வாய்க்கிழமைக் குறிப்பை இராமச்சந்திரன் உரக்கப் படித்தார். மதியம் 12:40. எக்ஸாஸ்ட் ஃபேன், சம்மதம். மோட்டார், சம்மதம். கேஸ் சென்சார், சம்மதம். அப்படியே பத்தும்.

“பத்துக் கருவிகளையும் கேட்டிருக்கிறோம். பத்தும் சம்மதித்திருக்கின்றன,” என்றார். “கேஸ் இருந்திருந்தால் கேஸ் சென்சார் சொல்லியிருக்கும். அதன் சார்பில் கையெழுத்துப் போட்டவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அறையில் எதுவும் நடக்கவில்லை. வராந்தாவில் பதினோரு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது. வராந்தா நம் திட்டத்தின் எல்லைக்குள் வராது. ஆனாலும் நமக்கு மனிதாபிமானம் உண்டு. கேன்டீன் சாம்பாரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.”

“சார், அந்தச் சென்சார் முடியாதுன்னுதான் சொல்லியிருக்கும். நீங்கதான் அதைப் பூஜ்யமா மாத்தச் சொன்னீங்க. இந்த மேசையில, என் கண் முன்னால!”

“மாற்றவில்லையே அம்மா,” என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு. “அது சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொள்கிற விதத்தில் ஏற்றுக்கொண்டோம்.”

இரண்டு முடிவு எடுத்தார்கள். ‘இந்த அறை சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று ஒன்பது கையெழுத்தோடு டேங்க் ரூம் கதவில் கண்ணாடி போட்டு மாட்டுவது ஒன்று. வரும் திங்கள் முதல், யாரும் இல்லாத அறையில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்ய, பன்னிரண்டரை மணிக்கு வெளியிலிருந்து பூட்டிச் சாவியை மன்றத்தின் பெட்டியில் போட்டு, ஒரு மணிக்கு எடுத்துத் திறப்பது இன்னொன்று. கருவி எண் 11 குன்றத்தூரில் உள்ள ஆவண மையத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கும் அதனிடம் கேட்டார்கள், அதுவும் சம்மதித்ததாக இருக்கிறது.

முனிரத்தினத்துக்கு ஃபோன் செய்தேன். “அண்ணே, பூட்டுறதுக்கு முன்னால உள்ளே ஒரு தடவை பார்த்துட்டுப் பூட்டுங்க. உங்க காலில் விழறேன்.”

“உங்களாண்ட இன்னா மேடம் சொல்றது,” என்றார். “என்னிய லைனுக்கு மாத்திட்டாங்க. பூட்றதுக்குன்னு செக்யூரிட்டி ஆளு போட்டுக்கீறாங்க. புதுசு, இந்திக்காரன். அவனாண்ட ஒரு லிஸ்ட்டு குட்த்துக்கீறாங்க. ஒண்ணு பூட்டு, ரெண்டு சாவிய பொட்டில போடு. பாருன்னு அதுல இல்ல. நான் கேட்டேன், ஏன் சார் பாருன்னு போடலன்னு. பாக்கச் சொன்னா உள்ள ஆளு இருக்கலாம்னு நாமளே ஒத்துக்கினா மாரி ஆவுதாம்.”

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சுகப்பிரியாவிடம் மன்றாடினேன். அதட்டினேன், சித்திக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன், சோறு தின்னாமல் கிடந்தேன். ‘சரிக்கா, சரிக்கா’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குக் கூட்டிப்போய் முருகன் முன்னால் சத்தியம் வாங்கலாம் என்று பார்த்தேன். ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் ஹாஸ்டல் வாசலில் நின்றது. எனக்கு இனி அதில் இடம் இல்லை. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து படுத்தவள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுட்டி. எறங்கு.”

“ஏற்கனவே ஒரு மெமோ இருக்குக்கா. சும்மா பயந்துக்கிட்டே இருக்காதீங்க. கதவுல எழுதிப் போட்டிருக்காவல்லா, ஒம்பது பேரு கையெழுத்து. அன்னைக்கு நான் வயித்துல ஒண்ணும் இல்லாமப் படுத்துட்டேன், அதான் கொமட்டிட்டு.”

“பூட்டிருவாங்கட்டி! வெளிய பூட்டிருவாங்க!”

“மேடம், கையை எடுங்க, டைம் ஆவுது,” என்றார் டிரைவர். வேன் நகர்ந்தது. சுகப்பிரியா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, வந்த கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

“அதுவும் நல்லதுதான்க்கா. மத்தியான பெல்லுக்கு அஞ்சு நிமிசம் முன்னாலயே எல்லாரும் உள்ள போயிருவோம். பூட்டிட்டா இனிம எவனும் வந்து எழுப்ப மாட்டாம்லா!”